சுவடுப் பிறழ்வும் பிணைப்பு மாறிலிகளின் ஓட்டமும்

1. சமச்சீர்மை

நிறையற்ற துகள்கள் மட்டுமே உள்ள ஒரு கோட்பாட்டில், அவற்றின் பிணைப்பு மாறிலியும் பரிமாணமற்ற வெறும் எண்ணாக இருந்தால், அதற்குள் இயல்பான நீள அளவு எதுவும் கிடையாது. நீளத்தையும் நேரத்தையும் ஒரே மடங்கு பெருக்கினாலும் சமன்பாடுகள் மாறுவதில்லை. இதுவே அளவுமாற்றச் சமச்சீர்மை. ஆற்றல்-உந்த டென்சரின் மூலைவிட்ட உறுப்புகளை உரிய குறிகளுடன் கூட்டக் கிடைப்பது சுவடு. இச்சமச்சீர்மை உள்ள கோட்பாடுகளில் அது சுழியம். கதிர்வீச்சின் அழுத்தம் அதன் ஆற்றல் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு என்னும் பழைய விதி இதன் நேர் விளைவு.

2. பிறழ்வு

குவாண்டம் கணக்கீடு இந்தச் சுழியத்தைக் குலைக்கிறது; இதுவே சுவடுப் பிறழ்வு. துகள் வளையங்களின் தொகையீடுகள் முடிவிலியாகின்றன. அவற்றை மறுஇயல்பாக்க ஓர் ஆற்றல் அளவைக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தே ஆக வேண்டும். அந்த அளவு மாறும்போது பிணைப்பு மாறிலியும் மாறுகிறது; இதுவே அதன் ஓட்டம். மாறும் வேகத்தைத் தருவது பீட்டாச் சார்பு. 1954இல் கெல்-மான், லோ இருவரும் தொடங்கிய இந்த ஆய்வை, 1970இல் காலன், சைமான்சிக் ஆகியோரின் சமன்பாடு முழு வடிவம் பெறச் செய்தது.

சுவட்டுக்கும் பீட்டாச் சார்புக்கும் உள்ள உறவை எளிதில் காணலாம். புலத்தின் லக்ராஞ்சியனில் புலவலிமையின் வர்க்கத்துக்கு முன்னால், பிணைப்பு மாறிலியின் வர்க்கத்துடைய தலைகீழியை வைக்க முடியும். அளவை நீட்டினால் புலப்பகுதி மாறாது. முன்னால் நிற்கும் எண் மட்டும் மடக்கை முறையில் மாறும். அந்த மாற்றமே சுவடு. ஆகவே நிறையற்ற கோட்பாட்டில் சுவடு என்பது பீட்டாச் சார்பு, புலவலிமையின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 1972இல் கிரூதரும், சானோவிட்ஸ்–எல்லிஸ் இணையும் இப்பிறழ்வை எடுத்துக்காட்டினர். 1977இல் ஆட்லர், காலின்ஸ், டங்கன் மூவரும் குவாண்டம் மின்னியக்கவியலுக்கு இதன் முழு வடிவத்தை நிறுவினர். பீட்டா சுழியமாக உள்ள நான்கு மிகைச்சமச்சீர்மைகள் கொண்ட யாங்–மில்ஸ் கோட்பாட்டில், தட்டையான காலவெளியில், சுவடும் சுழியமே.

3. ஓட்டத்தின் இரு திசைகள்

மின்காந்தவியலில் வெற்றிடத்தின் முனைவாக்கம் மின்னூட்டத்தை மறைக்கிறது. நெருங்கிப் பார்க்கப் பார்க்க மறைப்பு குறைகிறது. நுண்கட்டமைப்பு மாறிலி 1/137இலிருந்து, 91 கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் ஏறத்தாழ 1/128 ஆக உயர்கிறது. வலிய விசையை விவரிக்கும் குவாண்டம் நிறவியக்கவியலில், அவ்விசையைச் சுமக்கும் குளுவான்களும் நிற மின்னூட்டம் உடையவை. அதனால் ஓட்டம் திசை திரும்புகிறது. முதற்படிப் பீட்டாவின் கெழு, 11இலிருந்து குவார்க் வகைகளின் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்தது. ஆறு வகைகளுக்கு அது 7. 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் கண்ட இந்த முடிவுக்கு 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. வலிய விசையின் பிணைப்பு 1.8 கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் சுமார் 0.33, 91இல் 0.118.

4. நிறையின் பிறப்பிடம்

ஆற்றல் குறையக் குறைய வலிய பிணைப்பு பெருகி, சில நூறு மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவில் கட்டுக்கடங்காமல் போகிறது. பரிமாணமற்ற எண்ணிலிருந்து இவ்வாறு ஓர் ஆற்றல் அளவு பிறப்பதைப் பரிமாண உருமாற்றம் என்பர். ஓய்வில் உள்ள துகளில் சுவட்டின் மொத்த மதிப்பு அதன் நிறையே. புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான்வோல்ட். அதன் மூன்று குவார்க்குகளின் நிறைகளைக் கூட்டினால் சுமார் 9 தான். குவார்க் நிறைகள் முற்றிலும் சுழியமானாலும், பிறழ்வு புரோட்டானுக்குப் பெரும்பகுதி நிறையைத் தரும்.

அணுவின் நிறையில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் அணுக்கருவில் உள்ளது. எனவே கண்ணுக்குத் தெரியும் பொருள்களின் எடையில் மிகப்பெரும் பங்கு, சமச்சீர்மை குலைந்ததால் கிடைத்ததே.