கை படாமல் வளரும் உயிரணுக்கள்



எவ்வுறுப்பின் அணுவாகவும் மாறவல்ல குருத்தணுக்கள் உண்டு. வளர்ந்த உயிரணுவையே அவ்வாறு மாற்றலாம் என்பதை ஜப்பானிய அறிஞர் ஷின்யா யாமனாகா 2006-இல் சுண்டெலியிலும், 2007-இல் மனித அணுவிலும் மெய்ப்பித்தார். 2012-இல் நோபெல் பரிசும் பெற்றார். 2014-இல் கோபே நகரில் மசாயோ தகாஹாஷி அம்மையாரின் குழுவினர், இம்முறையில் வளர்த்த விழித்திரைப் படலத்தைப் பார்வை மங்கிய மூதாட்டி ஒருவருக்குப் பொருத்தினர்.

ஆயின், இவ்வணுக்களை வளர்த்தல் எளிதன்று. அறுவைக் கத்தியைக் கொதிநீராவியில் தூய்மை செய்யலாம். உயிரணுவோ அவ்வெப்பில் மாண்டுபோகும். ஆகவே, தொடக்கம் முதல் முடிவு வரை கிருமி அணுகாவண்ணம் காத்தல் வேண்டும். கிருமியைக் கொணர்வோருள் முதல்வன் மனிதனே. அவன் மூச்சிலும் தோலிலும் அஃது உண்டு. அன்றியும், ஆளுக்கு ஆள் கைத்திறன் வேறுபடும். எனவேதான் இப்பணியை இயந்திரக் கரங்களிடம் ஒப்படைக்க முனைகின்றனர். ரிக்கென் நிறுவனத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை அறிவின் துணையுடன் ‘மஹோலோ’ என்னும் இயந்திரம் 111 நாட்களில் 143 வளர்ப்பு முறைகளைச் சோதித்து, விழித்திரை அணுக்களை ஆக்கும் சிறந்த வழியைக் கண்டது.

இளைஞர்களே! ‘தொடாதே’ என்னும் சொல்லை நாம் நன்கறிவோம். ஆய்வுக்கூடமும் ‘தொடாதே’ என்கிறது. ஆனால், அது பரிசு பெற்ற அறிஞருக்கும் கூடம் பெருக்குபவருக்கும் ஒன்றேபோல் கூறப்படுவது. கிருமியை நோக்கியதேயன்றிப் பிறப்பை நோக்கியதன்று. அறிவியல் கண்ட தூய்மை அதுவே.

கையுழைப்பை மட்டும் நம்பி நின்றால் இயந்திரம் நம்மை விலக்கும். அதனை இயக்கக் கற்றால் நமக்கு ஏவல் செய்யும். உயிரியலும் கணிதமும் பொறியியலும் பயின்று அக்கூடத்தினுள் நுழைவோமாக!