குழாயைப் பழுது பார்ப்பதும் வைத்தியமே!

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

சர்வகலாசாலை மேல்படிப்பைப் பற்றி நம்மிடம் என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன்தான். ஆனால் நான் சொல்ல வந்த மேல்படிப்பு வேறு ரகம். ஆஸ்திரேலிய நாட்டின் பூர்வகுடி மக்களுக்கென்று ஏற்பட்டது அது. வியாதி வந்த பிறகு மருந்து கொடுக்கும் படிப்பல்ல. வியாதி வராமல் தடுக்கும் படிப்பு.

அது ஏன் தேவைப்பட்டது?

ஆஸ்திரேலியா பணக்கார நாடு. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் கெட்டிக்கார டாக்டர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆனால் 2020–22ம் ஆண்டுகளுக்கான சர்க்கார் கணக்கு என்ன சொல்கிறது? அங்கே பிறக்கும் பூர்வகுடி ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் 71.9 வயது. பெண் குழந்தைக்கு 75.6. மற்ற மக்களைவிட ஆணுக்கு 8.8 ஆண்டும், பெண்ணுக்கு 8.1 ஆண்டும் குறைவு!

இந்த எட்டு ஆண்டுகள் எங்கே போயின? ரத்தத்தில் கோளாறா? தலைவிதியா? இல்லை, தோழர்களே!

ட்ரக்கோமா என்று ஒரு கண்நோய் உண்டு. குழந்தையின் அழுக்கு முகத்திலிருந்து அடுத்த குழந்தைக்குத் தொற்றும். பல முறை வந்தால் இமை உள்பக்கம் சுருண்டு, மயிர் விழியை உரசி, கடைசியில் பார்வையே போகும். டாக்டர் பிரெட் ஹாலோஸ் 1976 முதல் 1978 வரை ஒரு குழுவோடு உள்நாட்டுக் குடியிருப்புகளில் அலைந்து, ஒரு லட்சம் பேருக்கு மேல் கண்களைச் சோதித்தார். பூர்வகுடிக் குடியிருப்புகளில் இந்நோய் மலிந்திருப்பதைக் கண்டார்.

இன்னொன்று இருதய நோய். ஒரே அறையில் பலர் நெருக்கிப் படுக்கிறார்கள். தொண்டைப் புண்ணும் சிரங்கும் பரவுகின்றன. அதிலிருந்து ஒருவகைக் காய்ச்சல் வந்து, சிறு வயதிலேயே இருதயத்தின் வால்வைக் கெடுக்கிறது. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, வருஷக்கணக்கில் பென்சிலின் ஊசி போட வேண்டும்.

"முகத்தைக் கழுவு, சுத்தமாக இரு" என்று சுவரில் படம் ஒட்டுவது சுலபம். கழுவத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தவர் யார்?

பூர்வகுடி மக்களே பார்த்தார்கள். 1971ல் சிட்னி நகரின் ரெட்பெர்ன் பகுதியில் தங்கள் சொந்த வைத்திய நிலையத்தைத் தொடங்கினார்கள். நிர்வாகம் அவர்கள் கையில். அதைப் பார்த்து நாடெங்கும் இத்தகைய நிலையங்கள் எழுந்தன.

தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் ஙனம்பா சுகாதாரக் கவுன்சில் அவற்றில் ஒன்று. அதன் தலைமையில் இருந்த யாமி லெஸ்டர் கண் பார்வை இழந்த பூர்வகுடித் தலைவர். ஜனங்கள் நோயில் விழாமல் இருக்க வழி தேடும்படி ஒரு குழுவிடம் அவர் கேட்டார். 1987ல் வந்த அந்தக் குழுவின் அறிக்கை வீட்டைத்தான் முதலில் கவனித்தது. குழந்தையைக் குளிப்பாட்ட முடிகிறதா? துணி துவைக்க முடிகிறதா? கழிவுநீர் வெளியே போகிறதா? இவைதான் கேள்விகள்.

"வீடு கட்டிக் கொடுத்தால் அவர்களே உடைத்து விடுகிறார்கள்" என்ற பழி அங்கேயும் உண்டு. பின்னர் பல ஆயிரம் வீடுகளைச் சோதித்ததில் உண்மை வெளிவந்தது. 100 பழுதுகளில் குடியிருப்போர் பாழாக்கியவை 9 மட்டுமே. மட்டமான கட்டுமானத்தால் வந்தவை 21. பராமரிக்காமல் விட்டதால் வந்தவை 70! பழி யார் தலையில்? குற்றம் யாருடையது?

இந்த அனுபவத்தோடுதான் அந்தப் படிப்பைப் பார்க்க வேண்டும். 1990களின் கடைசியில் சிட்னி சர்வகலாசாலை, பூர்வகுடி சுகாதார மேம்பாட்டுக்கென ஒரு மேல்நிலைப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. ஏற்கெனவே தம் மக்களிடையே வேலை செய்துவந்த சுகாதார ஊழியர்கள் அதில் சேர்ந்தார்கள். பட்டம் இல்லாதவர்க்கு வேலை அனுபவமே தகுதியாயிற்று. சில நாட்கள் வகுப்பு, பிறகு ஊருக்குத் திரும்பி வேலை, மறுபடி வகுப்பு. குடும்பத்தையும் பிழைப்பையும் விட்டுவிட்டு வரவேண்டியதில்லை.

நோயைக் கணக்கெடுப்பது, அதன் வேரைத் தேடுவது, திட்டம் தீட்டுவது, பலன் கிடைத்ததா என்று அளப்பது – இத்தகைய படிப்பின் சாரம் இதுதான். ஊர் நிலைமை ஊழியருக்கு முன்பே தெரியும். அதை அதிகாரிகள் தட்டிக் கழிக்க முடியாத கணக்காக்கும் ஆற்றலைப் படிப்பு தருகிறது.

படிப்பு மட்டும் குழாயில் தண்ணீர் கொண்டுவந்து விடாது. பணம் ஒதுக்காத சர்க்காரின் முன்னே பட்டயம் வெறும் காகிதம்தான். ஆனால் கணக்கு யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் கேள்வி கேட்க முடியும். "உன் பழக்கம் சரியில்லை" என்று சொல்பவனிடம், "குழாய் எத்தனை நாளாகப் பழுது, இதோ பார்!" என்று காட்ட முடியும்.

தோழர்களே! ஏழையின் நோய்க்கு ஏழையின் அழுக்கே காரணம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த 9ஐயும் 21ஐயும் 70ஐயும் எடுத்துச் சொல்லுங்கள். நோயின் வேரைக் கண்டறியும் அறிவு, நோயில் விழும் மக்களின் கையிலேயே இருக்க வேண்டும்!