அடைக்கோழியை ஏசாதீங்க

(தோட்டத் தாய்மாருக்கான கூட்டமொன்றில், மட்டக்களப்பிலிருந்து வந்த சகோதரி ஒருவர் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



நான் மட்டக்களப்பு வாவிக் கரையில பிறந்து வளர்ந்தவள். சூரியன் எழும்புகிற கடல் பக்கத்தை நாங்கள் எழுவான்கரை என்போம். சூரியன் படுகிற மேற்குப் பக்கம் படுவான்கரை. எங்கட வீடு படுவான்கரையில. உங்களுக்குத் தேயிலை போல எங்களுக்கு வயலும் மீனும். ஆனால் ஒரு விஷயத்தில உங்க லயமும் எங்க வளவும் ஒன்றுதான். இரண்டிலும் நாலு கோழி மேயும். அந்தக் கோழிக்காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கையிலதான் இருக்கும்.

காலையில இங்க வந்து இறங்கினதும் ஒரு அக்கா சொன்னா: "குடுத்த கோழி நாள் தவறாம முட்டை போடுது. நம்ம நாட்டுக்கோழி பத்து முட்டை போட்டதும் படுத்துக்கிருது, சனியன்!" என்று. அந்தச் சனியனுக்காகத்தான் இன்றைக்கு நான் பேசப் போகிறேன்.

கோழி ஏன் அடைக்குப் படுக்குது? சோம்பலால் இல்லை. கூட்டில் முட்டை சேரச் சேர, அதன் உடம்பில் ஒரு சுரப்பு கூடுகிறது. அதற்குப் புரோலக்டின் என்று பெயர். தாய்மாருக்குப் பால் சுரக்க வைப்பதும் அதுதான். அது கூடினதும் முட்டையிடுவது நின்று விடும். இரவில் கூட்டை விட்டு எழும்பாது. கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். நெஞ்சிறகு உதிர்ந்து, சூடான தோல் நேரே முட்டையில் படும். கொண்டை வெளிறும். ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கி, அவசரமாய்த் தின்று குடித்து, திரும்ப ஓடி வரும். இப்படி 21 நாள். பிள்ளை பெற்ற உங்களுக்கு இந்தத் தவத்தைப் பற்றி நான் சொல்லித் தர வேணுமா?

அதிக முட்டையிடும் கலப்பினக் கோழிக்கு இந்தக் குணம் கிட்டத்தட்ட இல்லை. வருஷத்துக்கு 280, 300 முட்டை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக, படுக்காத கோழியையே தெரிந்தெடுத்துப் பெருக்கினார்கள். நல்ல கோழிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கடைத்தீன் வேண்டும். வயதானதும் அடுத்த குஞ்சைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

2022இல் நடந்தது ஞாபகம் இருக்கும். தீன் விலை ஏறியது, பண்ணைகள் மூடின, முட்டை எட்டாத பொருளாயிற்று. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தது. அந்த நாட்களில் எங்கட வளவில் சிந்தின நெல்லையும் கறையானையும் பொறுக்கித் தின்று, ஒரு சதம் செலவில்லாமல் குஞ்சு பொரித்துத் தந்தது யார்? இந்தச் சனியன்தான்.

இன்னொரு கதையும் சொல்ல வேணும். 1990இல் நாங்கள் வீட்டை விட்டு வாவியைக் கடந்து ஓடினோம். தோணியில் ஆளுக்கு ஒரு பொட்டலம். அம்மா மட்டும் ஒரு கடகத்தைத் தூக்கினா. மேலே பழைய சீலை மூடியிருந்தது. உள்ளே அடைக்கோழியும் 13 முட்டையும். "உசிர் போற நேரத்தில உனக்குக் கோழியாகா?" என்று பெரியம்மா ஏசினா. அம்மா வாய் திறக்கவில்லை. கோழியும் திறக்கவில்லை, இருட்டுக்குள் முட்டையை விட்டு அசையாமல் கிடந்தது. முகாமில் 9 குஞ்சு பொரித்தது. மறுகா அந்தக் குஞ்சுகளை விற்ற காசில்தான் எனக்குக் கொப்பி, பென்சில் வாங்கினா.

எல்லாக் கோழியும் அப்படி இராது. மனிசரைப் போல ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒன்று முதலாளி, அது தின்ற பிறகுதான் மற்றது வாய் வைக்கும். யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை இருப்பதை, நோர்வே நாட்டு ஷெல்டரப் எப்பே என்பவர் 1922இல் எழுதி வைத்தார். சின்ன வயதிலிருந்தே கோழிகளுக்குப் பெயர் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தவராம். எங்கட அம்மாமாரும் அதைத்தான் செய்தார்கள். பயந்த கோழி பாதியில் கூட்டை விட்டு ஓடும். ஊர்சுற்றி, குஞ்சைக் குளிரில் இழுத்துக்கொண்டு திரியும். பருந்தின் நிழலைக் கண்டதும் குஞ்சைச் செட்டைக்குள் அழைக்கிற கோழிதான் தாய். அதைக் கறிக்கு அறுக்காதீங்க, விற்காதீங்க.

தாய்க்குணம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டுமானால் வாவிக்கரைக்கு வாங்க. கோழிக்குத் தாரா முட்டை வைப்போம். அது 28 நாள் கேட்கும். கோழி கணக்குப் பாராமல் ஒரு கிழமை கூடக் கிடக்கும். மறுகா ஒரு நாள் குஞ்செல்லாம் தண்ணிக்குள் இறங்கி நீந்திப் போகும். தாய்க்கோழி கரையில் அங்குமிங்கும் ஓடிக் கத்தும். பார்த்துச் சிரிப்போம். மனசுக்குள்ள பாவமாயும் இருக்கும்.

இனி உங்க மலைநாட்டுக்கு ஏற்ற வேலையைச் சொல்கிறேன்.

கடை முட்டையை அடைக்கு வைக்காதீங்க. பண்ணையில் சேவல் சேராததால் அது பொரிக்காது. சேவல் திரிகிற இடத்து முட்டையை, இட்டு 7 நாளுக்குள் வையுங்க. குளிர் ஊரில் 9 அல்லது 10 முட்டை போதும். கோழியின் உடம்பு எல்லாவற்றையும் மூட வேண்டும். இஸ்தோப்பில் காற்றடிக்காத, நாய் பூனை எட்டாத மூலையில் கூடையை வையுங்க. அடியில் சாம்பலும் வேப்பிலையும், மேலே காய்ந்த புல். பேன் ஏறினால் எவ்வளவு நல்ல தாயும் எழும்பி விடும்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் கோடு போடுங்க. மற்றக் கோழி வந்து அதே கூட்டில் இட்டால், கோடில்லாததை அன்றன்றே எடுக்கலாம். 7ஆம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் பாருங்க. உள்ளே நரம்பு ஓடினால் உயிர் இருக்கு. தெளிவாய் இருந்தால் கூமுட்டை.

இடிக்குப் பயந்து கூடையில் இரும்புத் துண்டு வைப்பது எங்க ஊர் வழக்கம். வையுங்க, கெடுதல் இல்லை. ஆனால் மழைத்தூவானம் படாமல் பார்ப்பது அதைவிட முக்கியம். நனைந்து குளிர்ந்த முட்டைக்குள் குஞ்சு சாகும். நாங்கள் மாரி முடிந்த பிறகு வைப்போம். நீங்களும் உங்க மலைக்கு மழை ஓய்கிற காலத்தைப் பார்த்து வையுங்க.

பொரிக்கிற நாளில் முட்டையை உடைத்து உதவப் போகாதீங்க. பொரிக்குமுன்னே குஞ்சு உள்ளிருந்து கத்தும், தாய் பதில் சொல்லும். அவர்கள் பேசிக் கொள்ளட்டும். முதல் நாள் தீன் தேவையில்லை; வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும். மறுநாள் குறுணல் அரிசியும், சின்னக் கல் போட்ட தட்டத்தில் தண்ணியும் கொடுங்க.

குஞ்சு வேண்டாத நேரத்தில் கோழி படுத்தால், தண்ணியில் அமுக்குவதும் மூக்கில் இறகு குத்துவதும் பாவம். அடியில் காற்றுப் போகிற கம்பிக் கூட்டில், வெளிச்சத்தில், தீனும் தண்ணியும் வைத்து மூன்று நாலு நாள் விடுங்க. வயிறு குளிர்ந்தால் அடைக்குணம் தானாய் விடும்.

ரணிகெட் என்ற கொள்ளைநோய் வந்தால் ஒரே கிழமையில் கூடு வெறுமையாகும். கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பு மருந்து கேளுங்க. ஒரு குப்பியில் நிறையக் கோழிக்கு மருந்து இருக்கும். ஆகவே லயமே சேர்ந்து கேளுங்க.

கடைசியாக ஒன்று. 2016இல் எடுத்த குடிசன சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். அந்தப் பிள்ளைகள் உங்க மடியில் இருக்கிறார்கள். கோழி மட்டும் இதைத் தீர்க்காது. சம்பளமும் காணியும் வேண்டும். ஆனால் கிழமைக்கு நாலு முட்டை பிள்ளையின் தட்டில் விழுவது, இன்றைக்கே உங்க கையில் இருக்கிற காரியம்.

அதனால் குடுக்கிற கோழியையும் வாங்குங்க. முட்டைக்கு அது இருக்கட்டும். அடைக்கு ஒரு நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் இருக்கட்டும். அது படுக்கிற அன்றைக்கு ஏசாமல், கலண்டரில் 21 நாளை எண்ணி ஒரு புள்ளி வையுங்க. அந்தப் புள்ளியை உங்க பிள்ளையே வைக்கட்டும்.