மந்த காலமும் வீடு கட்டுவோரும்



வீட்டு வாணிபம் மந்தமுற்ற காலத்தும் கட்டுவோர் இலாபம் காண்பது எங்ஙனம்? இறக்காத சரக்கிற்கு டெமரேஜ் ஏறுவது போல, விற்காத வீட்டிற்கு வட்டி ஏறும். ஆதலின் அறிந்தோர் சலுகை தந்தேனும் விரைந்து விற்பர். 2020 செப்டம்பரில் மகாராஷ்டிர அரசு மும்பையில் முத்திரைத் தீர்வையை 5 விழுக்காட்டினின்று 2 ஆகக் குறைத்தது; கட்டுவோர் பலர் அவ்விரண்டையும் தாமே ஏற்றனர். பட்டியல் விலை இறங்காமலே வீடுகள் விற்றன.

அவர்தம் மந்தமே, தாராவியிலும் செம்பூரிலும் வாடகை கொடுக்கும் நமக்கு நல்வாய்ப்பு. எனினும் வாழ்நாட் சேமிப்பைக் கொடுக்குமுன் மகாரேரா பதிவெண்ணைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காடு அத்திட்டத்திற்கெனத் தனிக்கணக்கில் இருத்தல் வேண்டும். நம் பணம் பிறிதொரு கட்டடத்திற்குப் போகாதிருக்க அதுவே காவல்.