கணக்கைக் கேட்கும் உரிமை

புதுக்கோட்டை மாவட்டத்தில் 2019 டிசம்பரில் 497 ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. அன்று வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களில் பலர், அந்த ஊராட்சியின் வரவு செலவை வாசிக்கும் கிராமசபைக்கு வருவதில்லை. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, ஊரின் வரவு செலவுத் திட்டத்தையும் தணிக்கை அறிக்கையையும் பரிசீலிப்பது கிராமசபையின் வேலை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தெருவிளக்கு மின்கட்டணம், மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர், தூய்மைக் காவலர் ஊதியம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

பணம் மேலிருந்து வருகிறது, நாம் பேசி என்ன ஆகப்போகிறது என்பார்கள். 15-ஆவது நிதிக்குழு, 2021 முதல் ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கியது உண்மைதான். ஆனால் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்பதை டெல்லி சொல்லாது. அதைச் சொல்ல ஆள் வராவிட்டால் ஊரின் கடைக்கோடித் தெருதான் காத்திருக்கும். கணக்கு நமக்குப் புரியாது என்பதும் சரியல்ல. மோட்டார் ஓடியதா இல்லையா என்பது குடம் தூக்கும் பெண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்த நம் மாவட்டத்து நெடுவாசல் கிராமமும் கிராமசபைத் தீர்மானத்தைக் கையில் எடுத்தது. அந்த அக்கறை ஆண்டுக் கணக்கிலும் வேண்டும். அக்டோபர் 2 கிராமசபைக்கு வாருங்கள்; கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.