சிப்பாய்க்குக் கிடைத்த வெள்ளி



பழைய நாணயம் சேர்ப்பவர்கள் பெம்பானிலும் உண்டு, ஜாசினிலும் உண்டு. நினைவுப் பதக்கம் சேர்ப்பவர்கள் குறைவு. நாணயம் பல கை மாறுவது. பதக்கமோ இன்னாருக்கென்று அடிக்கப்படுவது. யாருக்கு, எந்த உலோகத்தில் கொடுத்தார்கள் என்று கேட்டாலே பாதிச் சரித்திரம் வெளிவந்துவிடும்.

நம் மலாக்காவோடு தொடர்புடைய ஒரு பதக்கத்தைப் பார்ப்போம். 1811-ஆம் ஆண்டில் ஜாவாவைப் பிடிப்பதற்காக, இந்தியாவின் கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபு மலாக்காவில் படை திரட்டினார். சுமார் 100 கப்பல்கள், 12,000 வீரர்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தியர்கள். வங்காளச் சிப்பாய்களே அதிகம். சென்னைப் பயனீர் படையினரும் உடன் சென்றார்கள். அதையெல்லாம் சிறுவனாக இருந்து பார்த்து, பின்னாளில் எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காக் கோட்டைச் சிப்பாய்களுக்கு மலாய் மொழி கற்பித்ததால்தான் அவருக்கு 'முன்ஷி' என்ற பெயரே வந்தது. தமிழும் படித்தவர் அவர்.

ஆகஸ்ட் 26-ஆம் நாள் பத்தேவியாவுக்கு அருகே கொர்னெலிஸ் கோட்டை விழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குப் பதக்கம் அடித்தது. அதிகாரிகளுக்குப் பொன், 100-க்குச் சற்று மேல். சிப்பாய்களுக்கு வெள்ளி, 6,000-க்கு மேல். ஒரு பக்கத்தில் கோட்டைத் தாக்குதல். மறுபக்கத்தில் பாரசீக எழுத்து. அதைப் படிக்கத் தெரிந்த சிப்பாய்கள் எத்தனை பேரோ!

வெள்ளிதானே என்று நினைக்காதீர்கள். அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன், 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டணப் போருக்கும் பதக்கம் அடித்தார்கள். சிங்கம் புலியை அடக்குவதுபோன்ற அழகான வேலைப்பாடு. தளபதிகளுக்குப் பொன், இளநிலை அதிகாரிகளுக்கு வெள்ளி. சாதாரணச் சிப்பாய்க்கோ, நமக்கு நன்கு பழக்கமான வெள்ளீயம்!

ஜாவாப் பதக்கத்தில் பெற்றவர் பெயர் கிடையாது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வெள்ளிப் பதக்கத்தில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் விளிம்பில் இருக்கும். ஆனால் அந்தப் போரிலும் பாகுபாடு போகவில்லை. துப்பாக்கி பிடித்த இந்தியருக்கு வெள்ளி. தொழிலாளர் படையில் மூட்டை சுமந்தவருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். கூலிக்காரன் எங்கே போனாலும் கூலிக்காரன்தான் என்று எண்ணினார்கள் போலும்.

நம் நாட்டில் 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில் பணியாற்றியவர்களுக்கு, 'மலாயா' என்ற பட்டையோடு ஒரு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். அதிலும் விளிம்பில் பெயர் உண்டு. உங்கள் தாத்தாவின் பெட்டியிலும் ஒன்று இருக்கக்கூடும். 1980-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெள்ளி விலை ஒரேயடியாக ஏறியபோது, இத்தகைய பதக்கங்கள் பல உருக்குலைக்குப் போய்விட்டன. தராசுக்கு எடை தெரியும், பெயர் தெரியாது.

வீட்டில் இருந்தால், பளபளக்க வேண்டுமென்று திருநீறு போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பு எழுத்து மழுங்கிவிடும். கறுத்திருந்தால் கறுத்தபடியே மெல்லிய துணியில் சுற்றி, யாருடையது, எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.