ஆணையும் துணையும்

பாலாற்றைக் கடந்து மைசூர்ப் பகுதியில் குடியேறிய நம்மவர் பலர், தம் புதல்வியர் அரசுப் பணியில் அமர வேண்டுமென விழைகின்றனர். தேர்வில் வென்றால் மட்டும் போதுமா?

அண்டையிலுள்ள குடகில் பிறந்து, சென்னையில் பயின்ற சி. பி. முத்தம்மா, 1949இல் இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணி. மணம் புரிய அரசின் அனுமதி வேண்டும்; இல்லறம் பணிக்கு இடையூறெனத் தோன்றின் விலக வேண்டும் என்ற விதி பெண்டிர்க்கு மட்டும் இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்படவே, அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு முடியுமுன்பே உயர்வு கிட்டியது. ஆயினும் 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர், பணி விதிகளிலுள்ள ஓரவஞ்சனையைக் களையுமாறு வற்புறுத்தினார். தனியொருத்தியின் துணிவுக்கு நீதி துணை நின்றது.

நீதிமன்றம் கண்டித்த அதே விதியை, மணம் பேசும்போது நாம் நம் இல்லங்களில் விதிக்கலாமா?